மீட்டர் பேரில் எழுதும் கணக்கு

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் ஒரு சிறிய மின் கூட்டுறவுச் சங்கத்துக்குச் செலவு மிகுந்த நேரம் பெரும்பாலும் குளிர்கால விடியற்காலைதான். 6 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் எல்லா வீட்டிலும் அறைச்சூட்டுக்கான ஹீட்டர் ஓடும், குளிக்க வெந்நீர் காயும், சமையலும் நடக்கும். இந்தச் சங்கங்களில் பெரும்பாலானவை மின்சாரம் தயாரிப்பதில்லை. பல சங்கங்கள் சேர்ந்து நடத்தும் உற்பத்திச் சங்கத்திடமோ, டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் என்ற மத்திய அரசு மின் நிறுவனம் போன்ற அமைப்பிடமோ மொத்தமாக வாங்கி வீடுகளுக்கு விற்கின்றன. அந்த மொத்தக் கொள்முதல் பில்லில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று யூனிட்டுக்கு இவ்வளவு என்ற விலை. மற்றொன்று டிமாண்ட் சார்ஜ்: உச்ச நேரத்தில் எத்தனை கிலோவாட் இழுத்தார்கள் என்பதற்கான கட்டணம். தமிழ்நாட்டில் ஆலை நடத்துகிறவர்களுக்கு இது பழகிய சொல். வீட்டுக்கு வரும் பில்லிலோ பெரும்பாலும் யூனிட் கணக்கு மட்டும்தான் இருக்கும். விடியற்காலை ஒரு மணி நேரத்துக்காகச் சங்கம் கட்டும் பணம் உறுப்பினர் கண்ணில் படுவதேயில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டிமாண்ட் சார்ஜ் கிலோவாட்டுக்கு மாதம் 15 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 200 வீடுகளில் சூடான காற்று வெளியேறும் ஓட்டைகளை அடைத்து, ஒவ்வொன்றிலும் உச்ச நேர இழுவையை ஒன்றரைக் கிலோவாட் குறைத்தால், 300 கிலோவாட் மிச்சம்; மாதம் 4,500 டாலர். அந்தப் பணம் அந்த 200 வீடுகளுக்கு மட்டும் உரியதல்ல. சங்கம் உறுப்பினர்களுக்கே சொந்தம் என்பதால் எல்லோருடைய கட்டணத்தையும் அது தொடும். தன் வாடிக்கையாளர் குறைவாக வாங்கட்டும் என்று ஒரு மின் விற்பனையாளர் பாடுபடுவதற்கு முதல் காரணம் இதுதான்.

இந்தச் சங்கங்கள் உருவானதே தனியார் நிறுவனங்கள் கம்பி இழுக்க மறுத்த இடங்களில். வீடுகள் தள்ளித் தள்ளி இருந்தன, இலாபம் கிடையாது. 1935இல் ரூஸ்வெல்ட் அரசு கிராம மின்மய நிர்வாகத்தை அமைத்து, மறு ஆண்டு சட்டமும் இயற்றிக் கடன் கொடுத்தபோது, விவசாயிகள் சேர்ந்து சங்கம் அமைத்துத் தாங்களே கம்பம் நட்டார்கள். இன்று அப்படி ஏறத்தாழ 900 சங்கங்கள் இருக்கின்றன. இவை தவிர ஊராட்சிகளும் நகராட்சிகளும் நடத்தும் மின் அமைப்புகள் ஏறத்தாழ 2,000. கூட்டுறவுப் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக வறுமை நீங்காத மாவட்டங்கள் நிறைய. பழைய வீடுகளும், தொழிற்சாலையில் செய்து லாரியில் கொண்டுவந்து இறக்கிய வீடுகளும் அங்கே மிகுதி. சுவர் மெல்லியது, தரைக்கடியில் உள்ள வெற்றிடத்தில் காற்று புகும், சூடேற்றுவது நேரடி மின்கம்பிச் சுருள். பில் அதிகம் வருவது இங்கே. அதைக் குறைக்கக் கையில் பணம் இல்லாததும் இங்கேதான்.

நல்ல பல்பு வாங்குங்கள், ஹீட்டரைக் குறைத்து வையுங்கள் என்று துண்டறிக்கை அனுப்பினால் இந்த வீடுகளுக்கு ஒன்றும் ஆகாது. ஐயோவா மாநிலத்தில் 4,000 பேர்கூட இல்லாத ஊர் ஓசேஜ். அந்த ஊரின் மின் அமைப்பு 1970களிலேயே இதைப் புரிந்துகொண்டது. அதன் மேலாளர் வெஸ் பேர்ட்சால் வாட்டர் ஹீட்டர்களுக்கு இலவசமாக உறை போட்டுக் கொடுத்தார். அகச்சிவப்புப் படம் எடுத்து, உங்கள் வீட்டில் எங்கெங்கே வெப்பம் ஒழுகுகிறது என்று மக்களுக்குக் காட்டினார். ஊரின் மின் அமைப்பு தன் கடனை அடைத்தது, கட்டணமும் இறங்கியது. சிறிய அமைப்பின் பலம் இதில் தெரிகிறது: எந்த வீடு எவ்வளவு இழுக்கிறது என்பது அதற்குத் தெரியும், அதன் ஆள் வந்து கதவைத் தட்டினால் ஊரார் திறப்பார்கள்.

முதல் வேலை வீடுகளைத் தேர்ந்தெடுப்பது. 12 மாத மீட்டர் அளவை எடுத்து வெப்பநிலைக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் இதற்கு 65 டிகிரி பாரன்ஹீட்டை அடிப்படையாக வைக்கிறார்கள். ஒரு நாளின் சராசரி அதற்கு எத்தனை டிகிரி கீழே போகிறதோ அத்தனை ‘சூட்டு டிகிரி நாள்’. குளிர் கூடக்கூட யூனிட் எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்று பார்த்தால் வெப்பம் ஒழுகும் வீடு தனியே தெரிந்துவிடும். மொத்த யூனிட்டை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது பிழை. கோழிப்பண்ணை விளக்கோ கிணற்று மோட்டாரோ ஓடும் வீடும் அதில் மேலே வந்துவிடும். அங்கே சுவரை மூடி ஒரு பயனும் இல்லை.

அடுத்தது அளவீடு. வாசல் கதவைத் திறந்து, அந்த இடத்தில் துணித் திரையோடு ஒரு பெரிய மின்விசிறியைப் பொருத்தி, வீட்டுக்குள்ளிருக்கும் காற்றை வெளியே இழுக்கிறார்கள். புளோயர் டோர் என்பது இதன் பெயர். உள்ளும் வெளியும் 50 பாஸ்கல் அழுத்த வேறுபாடு வந்ததும், விசிறி நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்றைத் தள்ளுகிறது என்று குறிக்கிறார்கள். 1,500 சதுர அடி, 8 அடி உயரம் என்றால் வீட்டின் கொள்ளளவு 12,000 கன அடி. விசிறி நிமிடத்துக்கு 3,000 கன அடி காட்டினால் மணிக்கு 1,80,000. அதாவது அந்த அழுத்தத்தில் வீட்டுக் காற்று முழுதும் மணிக்கு 15 முறை மாறுகிறது. இதைப் பாதியாக்க முடிந்தால் நல்ல வேலை.

ஓட்டை எங்கே என்று கேட்டால் எல்லோரும் ஜன்னலைக் காட்டுவார்கள். பெரும்பாலும் அது தவறு. சூடான காற்று மேலே எழும்பிப் பரண் வழியாக வெளியேறுகிறது. அதன் இடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று தரைக்கடியிலிருந்து உள்ளே வருகிறது. எனவே தேட வேண்டியது பரண் ஏறும் மூடி, குழாயும் வயரும் கூரையைத் துளைக்கும் இடங்கள், உட்கூரையில் பதித்த விளக்குகள், சுவரின் மேல்முனைச் சட்டங்கள். இவற்றை நுரையாலும் பசையாலும் அடைத்த பிறகுதான் பரணில் வெப்பக் காப்பு போட வேண்டும். முறை மாறினால் வேலை கெடும். காப்பு என்பது கம்பளி போல. காற்று அதன் ஊடே போகும். ஓட்டையின்மேல் ஓர் அடி உயரத்துக்குச் செல்லுலோஸ் என்ற காகித நாரை ஊதினாலும் ஈரக்காற்று அதற்குள் புகுந்து குளிர்ந்த பலகையில் நீராகப் படியும், மரம் பூஞ்சை பிடிக்கும்.

சூடான காற்றை அறைகளுக்குக் கொண்டுபோகும் டக்ட் பலருக்கு மறந்துபோகிறது. பரணிலோ தரைக்கடியிலோ ஓடும் டக்டில் 20 முதல் 30 சதவீதக் காற்று வழியிலேயே போய்விடுவது சாதாரணம். அதற்கு 25 பாஸ்கலில் தனிச் சோதனை உண்டு. இணைப்புகளைச் சாம்பல் நிறத் துணி டேப்பால் ஒட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. சூட்டில் அதன் பசை காய்ந்து சில ஆண்டுகளில் உரிந்து விழும். மாஸ்டிக் என்ற குழம்பைத் தூரிகையால் பூச வேண்டும், பெரிய இடுக்குகளில் கண்ணாடியிழை வலை வைத்துப் பூச வேண்டும். இரண்டு பாதியாகக் கொண்டுவந்து இணைக்கும் தொழிற்சாலை வீடுகளில் ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்குத் தரைக்கடியில் ஒரு வளைகுழாய் போகும். அது மண்ணில் கிடந்து நசுங்கியிருக்கும், நாயோ எலியோ கிழித்திருக்கும், சில சமயம் முழுக்கக் கழன்றே கிடக்கும். அப்போது வீட்டின் பாதிக்குப் போக வேண்டிய சூடு தரைக்கடி மண்ணைத்தான் சூடாக்குகிறது. வாரால் தூக்கிக் கட்டி, கவ்வி போட்டு இறுக்கினால் சரி. இதைவிடக் குறைந்த செலவில் இவ்வளவு மிச்சம் தரும் வேலை வேறு எதையும் சொல்லத் தெரியவில்லை.

இவை முடிந்த பிறகுதான் ஹீட் பம்ப். மின்கம்பிச் சுருள் 1 யூனிட் மின்சாரத்துக்கு 1 யூனிட் வெப்பம் தரும். ஹீட் பம்ப் வெளிக்காற்றிலிருந்தும் வெப்பத்தை இழுப்பதால் மிதமான குளிரில் 2 முதல் 3 யூனிட் தரும். ஓட்டையை அடைத்த வீட்டுக்குச் சிறிய பம்பே போதும். எனவே முதலில் பம்ப் வாங்குகிறவர் தேவைக்கு மிஞ்சியதை வாங்குகிறார். இன்னொரு சிக்கலும் உண்டு. பம்போடு துணைக்கு 10, 15 கிலோவாட் மின்சுருள் இருக்கும். மிச்சம் பிடிக்க நினைத்து உறுப்பினர் இரவில் தெர்மோஸ்டாட்டை வெகுவாகக் குறைத்துவிட்டு, காலை 6 மணிக்குக் கூட்டுவார். அந்த நொடியே சுருள் முழுதும் எரியத் தொடங்கும், சங்கத்தின் உச்ச நேரத்திலேயே. யூனிட் கொஞ்சம் குறைந்திருக்கும், டிமாண்ட் சார்ஜ் ஏறியிருக்கும். வெளியே கடும் குளிர் இல்லாதபோது சுருள் எரியாமல் தடுக்கும் வெளி உணரி ஒன்றைப் பொருத்த மெக்கானிக்கிடம் சொல்லியே ஆக வேண்டும். கேட்காவிட்டால் பலர் பொருத்துவதில்லை.

பாதுகாப்புச் சோதனை ஒன்றையும் விடக் கூடாது. வீட்டில் காஸ் வாட்டர் ஹீட்டரோ விறகு அடுப்போ இருந்தால், ஓட்டைகளை அடைத்த பிறகு புகை வெளியே போகாமல் உள்ளே திரும்பலாம். கார்பன் மோனாக்சைடு மணமற்றது, ஆளைக் கொல்லும். வெளியேற்றும் விசிறி எல்லாவற்றையும் ஓடவிட்டு, புகைபோக்கி சரியாக இழுக்கிறதா என்று வேலைக்கு முன்னும் பின்னும் அளக்க வேண்டும். மிகப் பழைய வீடுகளில் பீங்கான் குமிழில் கட்டி ஓடும் வயர் இருந்தால் அதைக் காப்பால் மூடக் கூடாது. சூடு வெளியேறாமல் தீப்பிடிக்கலாம்.

இவ்வளவுக்கும் பணம் யார் போடுவது? தென் கரோலினாவில் 2011இல் 8 சங்கங்கள் சேர்ந்து 125 வீடுகளில் ஒரு முன்னோட்டம் நடத்தின. வேலைக்கான செலவைச் சங்கமே கடனாகக் கொடுத்து, மின் பில்லோடு தவணையாக வசூலித்தது. மின் பயன்பாடு சராசரியாக 34 சதவீதம் குறைந்தது. தவணை போகவும் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்குச் சராசரியாக 288 டாலர் மிஞ்சியது.

கடன் என்றால் இன்னும் தடை இருக்கிறது. கடன் வரலாறு சரியில்லாதவருக்குக் கிடைக்காது. வாடகைக்கு இருப்பவர் இன்னொருவர் வீட்டுக்காகக் கடன் வாங்க மாட்டார். வீட்டுக்காரரோ தான் கட்டாத பில்லுக்காகச் செலவு செய்ய மாட்டார். இந்த முடிச்சை அவிழ்த்த முறை, செலவை ஆளின் பேரில் எழுதாமல் மீட்டரின் பேரில் எழுதுவது. சங்கம் தன் கட்டண விதியிலேயே ஒரு புதிய வகையைச் சேர்க்கிறது: இந்த இடத்தில் இன்ன வேலை செய்திருக்கிறோம், இந்த மீட்டரில் இருக்கிறவர் இத்தனை ஆண்டு மாதம் இவ்வளவு கட்டுவார். குடியிருப்பவர் காலி செய்தால் பாக்கித் தவணை அவரோடு போகாது. அடுத்து வருகிறவர் கட்டுவார், குறைந்த பில்லின் பயனும் அவருக்கே. கான்சஸில் ஹேய்ஸ் ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட மிட்வெஸ்ட் எனர்ஜி 2007இல் ஹவ்ஸ்மார்ட் என்ற பெயரில் இதைத் தொடங்கியது. பின்னர் வட கரோலினாவின் ரோனோக் சங்கமும் அர்கன்சாவின் வாஷிட்டா சங்கமும் தொடர்ந்தன. வாஷிட்டா 2019இல் கட்டணத்தை 4.5 சதவீதம் குறைத்தது. இதில் வீட்டுச் சீரமைப்போடு சூரிய மின்சாரத்துக்கும் பங்குண்டு.

முறையின் உயிர் ஒரு வரம்பில் இருக்கிறது. எதிர்பார்க்கும் மிச்சத்தில் 80 சதவீதத்துக்கு மேல் தவணை போகக் கூடாது. பொருள்களின் ஆயுளில் 80 சதவீதத்துக்கு மேல் காலமும் நீளக் கூடாது. ஒரு வீட்டில் ஆண்டுக்கு 5,500 யூனிட் குறையும், யூனிட் 12 சென்ட் என்றால் மிச்சம் 660 டாலர். அதில் 80 சதவீதம் 528. மாதத் தவணை 44. பொருள் 15 ஆண்டு உழைக்கும் என்றால் காலம் 12 ஆண்டு. 3 சதவீத வட்டியில் இது தாங்கும் தொகை ஏறத்தாழ 5,300 டாலர். வேலைக்கு 6,000 ஆகிறதென்றால் மீதி 700ஐ வீட்டுக்காரர் முன்பணமாகத் தர வேண்டும், அல்லது மானியம் தேட வேண்டும். தராவிட்டால் பட்டியலில் ஒன்றை வெட்ட வேண்டும். வரம்பைத் தளர்த்தக் கூடாது. சங்கத்துக்கு மூலதனம் கிடைக்க வழி உண்டு: 2014 பண்ணைச் சட்டம் உருவாக்கிய திட்டத்தில் வேளாண் துறை வட்டியில்லாமல் கடன் தருகிறது, 20 ஆண்டு வரை.

மிச்சத்தை முன்கூட்டிக் கணிக்கும் இடத்தில்தான் பெரும்பாலான திட்டங்கள் தவறுகின்றன. கணினியில் போட்ட கணக்கு ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 30,000 யூனிட் தேவை என்கிறது, மீட்டரோ 22,000 காட்டுகிறது என்றால் நம்ப வேண்டியது மீட்டரை. குளிருக்கு விறகு எரிக்கிறவராகவோ, இரண்டு அறையைப் பூட்டி வைத்திருப்பவராகவோ அங்கே குடியிருப்பவர் இருக்கலாம். கணினிக் கணக்கை நம்பித் தவணை போட்டால் அவர் பில் ஏறும். மீட்டர்க் கட்டணம் பாக்கியானால் மின் இணைப்பையே துண்டிக்கலாம் என்பதால் இது அற்பமான பிழையில்லை. நுகர்வோர் அமைப்புகள் இந்த முறையைப் பற்றி எழுப்பும் கவலையும் இதுவே. வேலை முடிந்து 12 மாத பில்லை மீண்டும் டிகிரி நாள் கணக்கோடு ஒப்பிட்டு, மிச்சம் வராவிட்டால் சங்கமே பழுதைத் தேடிச் சரிசெய்ய வேண்டும், அதுவரை தவணையை நிறுத்த வேண்டும்.

சங்கத்தின் வருமானத்திலும் ஓட்டை விழும். 12 சென்டுக்கு விற்கும் யூனிட்டின் கொள்முதல் விலை 6 சென்ட் என்றால், குறையும் ஒவ்வொரு யூனிட்டும் கம்பி, கம்பம் பராமரிப்புக்கான 6 சென்டை எடுத்துக்கொண்டு போகிறது. உச்ச நேரத்தைக் குறைக்கும் வேலையை முதலில் செய்தால் டிமாண்ட் சார்ஜ் மிச்சம் அதை ஈடுகட்டும். அதைச் செய்யாமல் மாத நிலைக்கட்டணத்தை உயர்த்திச் சமாளிக்கும் சங்கங்கள் உண்டு. அது தவறான வழி என்றே நினைக்கிறோம். குறைவாகப் பயன்படுத்தும் ஏழை வீட்டின் தலையில்தான் அது விழுகிறது.

சிறிய சங்கத்தில் மொத்தம் முப்பது நாற்பது பேர் வேலை செய்வார்கள். இதற்கென்று தனி அலுவலர் வைக்க முடியாது. அக்கம்பக்கத்துச் சங்கங்கள் சேர்ந்து ஒரு புளோயர் டோர் குழுவையும் ஒரு கணக்கரையும் வைத்துக்கொண்டால் போதும். ஒப்பந்தக்காரர் கிடைப்பது அதைவிடக் கடினம். வருடம் முழுக்க வேலை வரும் என்ற உறுதியும், சோதனையில் தேறிய ஒரு வாரத்தில் பணமும் கொடுத்தால் நல்லவர்கள் நிற்பார்கள்.

கடைசியில் மிஞ்சுவது கூரை ஒழுகும் வீடுகள். நனைகிற பரணில் காப்பு போட முடியாது என்பதால் ஆய்வாளர் ‘தள்ளிவைப்பு’ என்று எழுதிவிட்டு வருவார். உதவி அதிகம் வேண்டிய குடும்பம் அதனாலேயே வெளியே நின்றுவிடும். கூரை மின்சாரத்தை மிச்சப்படுத்தாது, ஆகவே அதை மீட்டர்க் கணக்கில் ஏற்ற வழியில்லை. தென் கரோலினாவின் பால்மெட்டோ சங்கம் 1989இல் தொடங்கிய ஒரு வழக்கம் இங்கே கைகொடுக்கும். சம்மதித்த உறுப்பினரின் பில்லை அடுத்த முழு டாலருக்கு உயர்த்தி, அந்தச் சில்லறையை ஊர் நிதியில் போடுகிறார்கள். ஒருவருக்கு மாதம் சராசரி 50 சென்ட். 5,000 பேர் சம்மதித்தால் மாதம் 2,500 டாலர். அதில் ஒழுகும் இடத்தைப் பழுதுபார்த்துத் தகடு மாற்றிக் கொடுத்துவிட்டால், புளோயர் டோர் குழு மறுபடி அந்த வீட்டு வாசலுக்குப் போகலாம்.