பழைய செப்புக் காசைத் தேய்க்காதீர்கள்

அமெரிக்காவின் பழைய செப்புக் காசுகளைப் பார்த்து, தரம் பிரித்து, ஏலப் பட்டியலுக்கு விவரம் எழுதுவது என் தொழில். சில மாதங்களுக்கு முன் ஒரு பெண்மணி, தன் தாத்தா சேர்த்து வைத்திருந்த 1794ஆம் ஆண்டு சென்ட் ஒன்றைக் கொண்டுவந்தார். கைக்குட்டையைப் பிரித்ததுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. புளி போட்டு விளக்கிய செம்பு போல அது பளபளத்தது. "விற்கப் போகிறோமே என்று நேற்றுதான் வினிகரும் உப்பும் போட்டுத் தேய்த்தேன்" என்றார். அக்கறையோடுதான் செய்திருக்கிறார். ஆனால் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அந்தக் காசின் மேல் படிந்திருந்த பழுப்புத் தோல் ஒரே மாலையில் போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.

செம்பு சும்மா இருக்காது. காற்று, ஈரம், விரல் வியர்வை எல்லாவற்றோடும் வினை புரியும். அந்த வினையில் மெல்ல உருவாகும் பழுப்பு நிறம்தான் உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கிறது. சேகரிப்பவர்கள் விலை கொடுப்பதும் அதற்குத்தான். அச்சடித்த நாளின் செம்மை ஒரு காசில் மிச்சமிருந்தால், பெரும்பாலும் எழுத்துகளின் ஓரத்தில், இடுக்குகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். காசு முழுக்க ஒரே சீராக ரோஜா நிறமாக மின்னினால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகியுங்கள். தரச் சான்று நிறுவனங்கள் அப்படிப்பட்ட காசுக்கு எண் தரம் (70க்கு எத்தனை என்ற மதிப்பெண்) கொடுக்காமல் 'சுத்தம் செய்யப்பட்டது' என்று குறித்து அனுப்பிவிடும். நான் பார்த்தவரை, அதற்கப்புறம் பாதி விலைகூட நிற்பதில்லை.

பிலடெல்பியா நாணயச் சாலையில் 1793 மார்ச்சில் தொடங்கி 1857 வரை அடித்த பெரிய சென்ட், அரை சென்ட் காசுகளைத்தான் இங்கே சொல்கிறேன். முதலில் வந்த சங்கிலிப் பின்னல் போட்ட சென்ட் 36,103 மட்டுமே. சுதந்திரம் பேசும் நாட்டுக்குச் சங்கிலி ஓர் அபசகுனம் என்று பத்திரிகைகள் அப்போதே திட்டின. இன்று அதே சென்டுக்கு அடித்துக்கொள்கிறார்கள். 2012இல் ஒன்று 13.8 லட்சம் டாலருக்குப் போனது.

இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் போலியும் வரும். 1798 காசின் கடைசி எண்ணைச் செதுக்கி, அரிய 1799 ஆக்குவது பழைய தந்திரம். ஆண்டு எண்ணைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், சுற்றியுள்ள பரப்பில் சுரண்டிய தடம் தெரியும். 1804ஆம் ஆண்டுக் காசுக்கு இன்னொரு சோதனை உண்டு. அசல் காசில் ஆண்டிலுள்ள சுழியம், மறுபக்கத்து 'ஆஃப்' (OF) என்ற ஆங்கிலச் சொல்லின் 'ஓ' (O) எழுத்துக்கு நேராக இருக்கும். எடையும் உதவும். 1795இன் கடைசிவரை ஒரு சென்ட் சுமார் 13.48 கிராம், பிறகு 10.89 கிராம். தேய்மானத்தில் கொஞ்சம் குறையலாம், ஆனால் கூடவே கூடாது என்று நினைத்துக்கொள்ளுங்கள். கூடினால் கேள்வி கேளுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மின்முலாம் முறையில் இரண்டு ஓடுகளாகச் செய்து ஒட்டிய நகல்களும் சுற்றுகின்றன. அவற்றின் விளிம்பில் மூட்டுக்கோடு காட்டிக்கொடுக்கும்.

இப்போது என்னைக் கவலைப்படுத்துவது வேறு. ஓர் அசல் காசிலிருந்தே அச்சு எடுத்து அடிக்கிறார்கள். எடை, எழுத்து எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் அந்த அசலில் இருந்த கீறலும் பள்ளமும்கூட ஒவ்வொரு போலியிலும் அதே இடத்தில் வந்துவிடும். தழும்பு ஆளுக்கு ஆள் வேறாகத்தானே இருக்கும்? இரண்டு காசுகளில் ஒரே தழும்பு என்றால் வாங்காதீர்கள். தரச் சான்று நிறுவனம் மூடிக் கொடுக்கும் சான்றிதழ் பெட்டிக்குள் இருக்கிறதே என்றும் நம்பிவிட வேண்டாம், பெட்டியையும் போலியாகச் செய்கிறார்கள். சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் பதிவில் தேடி, அங்குள்ள படத்தையும் கையிலுள்ள காசையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தழும்பு என்றதும் வில்லியம் ஷெல்டன் ஞாபகம் வருகிறது. இன்று அமெரிக்கா முழுக்கப் புழங்கும் 70 புள்ளித் தர அளவுகோல், 1949இல் அவர் இந்தச் சென்டுகளுக்காகவே வகுத்தது. அவர் இறந்த பிறகுதான் தெரிந்தது: அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சேகரிப்பிலிருந்த நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு, தன்னுடைய மட்டமான காசுகளை அங்கே வைத்திருக்கிறார். பழைய படங்களோடு ஒப்பிட்டபோது குட்டு உடைந்தது. அதனால்தான், எங்களிடம் தருவதாக இருந்தாலும், காசைக் கொடுப்பதற்கு முன் இருபுறமும் விளிம்பும் தெரியப் படம் எடுத்து வையுங்கள் என்கிறேன். எடையையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

ஏலத்தில் கேட்பவர்களுக்கு ஒரு சொல். செப்புக் காசுப் பிரியர்கள் தேய்மானத்தைப் பார்த்து ஒரு தரம் போட்டு, பிறகு களிம்பு, அரிப்பு, கீறலுக்காகக் குறைப்பார்கள். பெட்டியில் 40 என்றிருக்கும் காசுக்குப் பட்டியலில் 25 என்று போட்டிருந்தால் அது எழுத்துப்பிழை இல்லை, அந்தக் கழிவுதான். சுத்தியல் தட்டி முடிவான ஏல விலைக்கு மேல் சுமார் 20 சதவீதம் கட்டணம் சேரும் என்பதையும் கணக்கில் வைத்துக் கை தூக்குங்கள்.

வைக்கும் முறை எளிது. மெத்தென்ற பிவிசி உறை வேண்டாம், அது பச்சையாகப் பிசுபிசுத்துக் காசைத் தின்னும். பருத்தி அல்லது அமிலமற்ற காகித உறை, கூடவே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம், ஈரமில்லாத அறை. பிடிக்கும்போது விளிம்பை மட்டும் பிடியுங்கள்.

அந்தப் பெண்மணியின் பெட்டியில் இன்னும் பதினொரு காசுகள் இருந்தன, நல்லவேளை, தேய்க்காமல். ஒவ்வொரு உறையின் மேலும் எங்கே, எப்போது, எவ்வளவுக்கு வாங்கினார் என்று தாத்தா பென்சிலால் எழுதியிருந்தார். உறைகளை எறிந்துவிடட்டுமா என்று பேத்தி கேட்டார். ஒன்றையும் விடாமல் வாங்கி மேசையில் வரிசையாக வைத்து, காசுகளைப் படம் எடுப்பதற்கு முன்பே அந்தக் கையெழுத்தைப் படம் எடுத்தோம்.