நீலத் தொட்டியில் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளின் கீழே நிற்கும் நீல மறுபயனீட்டுத் தொட்டியில் காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் நான்கையும் ஒன்றாகவே போடலாம். வகைவாரியாகப் பிரிக்கும் வேலை நமக்கு இல்லை. தனி லாரி வந்து அள்ளிச் செல்லும். பொருள் மீட்பு நிலையத்தில் பணியாளர்களும் இயந்திரங்களும் பிரிப்பார்கள். நம் வேலை ஒன்றே ஒன்று: போடுவது காலியாகவும் சுத்தமாகவும் இருக்கவேண்டும். தேசியச் சுற்றுப்புற வாரியக் கணக்குப்படி, இத்தொட்டிகளில் விழுவதில் ஏறத்தாழ 40 விழுக்காடு மறுபயனீட்டுக்கு உதவாமல் போகிறது.

அதில் மனம் பொறுக்காத விஷயம், நல்ல பொருளும் சேர்ந்து கெடுவதுதான். பாதி குடித்த பபிள் டீ கோப்பையை ஒருவர் போட்டுவிட்டால், அது கவிழ்ந்து கீழே கிடக்கும் அட்டைப்பெட்டி, செய்தித்தாள் எல்லாவற்றையும் நனைத்துவிடும். உலோகத்தையும் கண்ணாடியையும் கழுவி மீட்கலாம். குழம்போ எண்ணெயோ ஊறிய காகிதத்தை மீட்க வழியில்லை. கூழாக்கும்போது எண்ணெய் இழைகளை ஒட்டவிடாது. பத்து வீட்டுக்காரர்கள் ஒழுங்காகச் சேர்த்த காகிதம் எரி உலைக்குத்தான் போகும்.

எனவே பால் டப்பா, ஜாம் போத்தல், ஷாம்பு போத்தல் எதுவானாலும் மிச்சத்தைக் கொட்டிவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி ஊற்றினால் போதும். தேய்த்துப் பளபளக்க வைக்கவேண்டாம். பாத்திரம் கழுவிய தண்ணீரே போதுமானது. லேபிளைக் கிழிக்கவும் தேவையில்லை. தோசை மாவு வந்த பிளாஸ்டிக் பையை உள்பக்கம் திருப்பி அலசிக் காயவிட்டால் அதையும் போடலாம். தீபாவளிப் பலகாரப் பெட்டியில் நெய் இறங்கிய அடிப்பகுதியைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, சுத்தமான மூடியை மட்டும் நீலத் தொட்டியில் சேருங்கள். பீட்சா பெட்டிக்கும் இதே முறைதான்.

சேரவே கூடாதவை: பயன்படுத்திய டிஷ்யூ, ஸ்டைரோஃபோம் பெட்டி, உட்புறம் வெள்ளிபோல் மின்னும் சிப்ஸ் பை, பீங்கான், மெலமைன் தட்டு. பழைய துணிகளும் கூடாது. நல்ல நிலையில் இருந்தால் நன்கொடையாகக் கொடுங்கள்.

பேட்டரி, மின்விளக்கு, கைப்பேசி ஆகியவற்றுக்குத் தனி மின்கழிவுத் தொட்டி உண்டு. 2021 ஜூலை முதல் இது தனிச் சட்ட ஏற்பாட்டின்கீழ் நடக்கிறது. லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும் என்பதால் இதில் அலட்சியம் வேண்டாம். புதிய குளிர்பதனப் பெட்டியோ சலவை இயந்திரமோ வாங்கும்போது, அதைக் கொண்டுவந்து இறக்கும் கடைக்காரர் அதே வகைப் பழைய பொருளை இலவசமாக எடுத்துச் செல்லவேண்டும். வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

புது வீவக புளோக்குகளில் ஒவ்வொரு மாடியிலும் மறுபயனீட்டுப் பொருளுக்கெனத் தனிக் குப்பைக் குழாய் இருக்கிறது. இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, பெரிய அட்டைப்பெட்டியை மடித்துத் திணிப்பது. பாதியில் சிக்கினால் மேல்மாடிகளிலிருந்து வருவது எல்லாம் அதன்மேல் அடைத்துக்கொள்ளும். சிறு துண்டுகளாகக் கிழித்துப் போடுங்கள், இல்லாவிட்டால் கீழே கொண்டுபோய் நீலத் தொட்டியில் தட்டையாக்கிப் போடுங்கள்.

2026 ஏப்ரல் 1 முதல் பானப் போத்தல்களுக்கும் கேன்களுக்கும் வைப்புத்தொகைத் திட்டம் தொடங்கியிருக்கிறது. 150 மில்லிலிட்டர் முதல் 3 லிட்டர் வரையுள்ள பிளாஸ்டிக் போத்தலிலும் உலோகக் கேனிலும் வைப்புத்தொகைக் குறி இருந்தால், விலையோடு 10 காசு கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள். திருப்பிக் கொடுக்கும்போது அது திரும்பக் கிடைக்கும். கண்ணாடிப் போத்தலும் காகித அட்டைப் பொட்டலமும் இதில் அடங்கா. அவை வழக்கம்போல் நீலத் தொட்டிக்கே. இடத்தை மிச்சப்படுத்தக் கேனை மிதித்து நசுக்கும் பழக்கம் உள்ளவர்கள் இங்கே கவனிக்கவேண்டும்: திரும்பப் பெறும் இயந்திரம் பட்டைக்குறியை (பார்கோடு) படித்தால்தான் காசு வரும். காலியாக, நசுங்காமல், லேபிள் கிழியாமல் கொண்டுபோங்கள். குறி இல்லாத கேனை நசுக்கி நீலத் தொட்டியில் போடுவதில் தடையில்லை.