கரிக்கோச்சி

அம்மம்மாவுக்குக் கடைசிவரை ரயில் 'கோச்சி'தான். யாழ்ப்பாணத்துக் கொக்குவில் கடவையால் வண்டி போகிற சத்தம்தான் அவவின் மணிக்கூடு. "கோச்சி போட்டுது, இன்னும் அடுப்பு மூட்டேல்லையோ?" என்பா. டீசல் எஞ்சின் வந்த பிறகு, பழையதைப் பிரித்துச் சொல்லக் 'கரிக்கோச்சி' என்றா.

கோச்சி தமிழ்ச்சொல் அல்ல. ஆங்கிலேயரின் 'கோச்', போர்த்துக்கேயரின் 'கோச்சே', தமிழகத்தில் குதிரை பூட்டிய 'கோச்சு வண்டி', சிங்களத்தின் 'கோச்சிய' எல்லாம் ஒரே குடும்பம். மூலம் ஹங்கேரியில் 'கொச்' என்றொரு ஊர். அங்கே கட்டிய குதிரைவண்டியைக் 'கொச்சி', அதாவது கொச் ஊரது, என்றார்கள். ஐரோப்பாவெல்லாம் சுற்றி யாழ்ப்பாணம் வந்தும் ஒலி பெரிதாக மாறவில்லை, பாருங்கோ.

காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரை 1902இல் பாதை திறந்தது. 1905இல் கொழும்போடு தொடுத்தார்கள். அரச எழுத்தில் அது 'புகையிரதம்': தமிழ்ப் புகையோடு வடமொழி இரதம். போரால் நின்றிருந்த சேவை 2014இல் டீசல் வண்டியோடு திரும்பி வந்தபோதும் அந்தப் பெயர்தான். உண்மையில் நீராவி எஞ்சினையும் புகை இழுப்பதில்லை. கொதிகலனில் அடைபட்ட ஆவிதான் உருளைக்குள் புகுந்து ஆடுதண்டைத் தள்ளுகிறது. வேலை முடிந்த ஆவி புகைபோக்கியால் வெளியேறும்போது நெருப்புக்குக் காற்றையும் இழுத்துக் கொடுக்கும். 'குப் குப்' சத்தம் அதுதான்.

இன்று பழைய நீராவி எஞ்சின்களைத் திருத்தி, நினைவுப் பயணமாகச் சனத்தை ஏற்றி ஓட்டுகிறார்கள். இலங்கையின் தெற்கே 'வைஸ்ரோய் ஸ்பெஷல்' என்ற வண்டி 1986இல் தொடங்கியது. 1855இல் செய்த ஓர் எஞ்சினைப் பெரம்பூர்ப் பணிமனையில் திருத்தி, 2010இல் சென்னையில் ஓடவிட்டார்கள். இவற்றைப் 'பாரம்பரிய நீராவிப் புகையிரதம்' என்று எழுதுவதைக் காண்கிறேன். ஆவியும் புகையும் ஒரே பெயருக்குள் முட்டுப்படுகின்றன. பேருந்தின் வழியில் வந்த 'தொடருந்து' இருக்கிறதே! 'மரபு நீராவித் தொடருந்து' என்றால் கட்டுரைக்குப் போதும்.

வாயால் சொல்ல எனக்குக் கரிக்கோச்சிதான். எண்ணெய் எரிக்கும் நீராவி எஞ்சினும் உண்டே, அதில் கரி எங்கே என்று சிலர் கேட்பினம். வெள்ளைச் சட்டையோடு யன்னலோரம் இருந்து வரட்டும், தெரியும்.