வீட்டில் தேசியக் கொடி ஏற்ற யார் அனுமதியும் வேண்டாம்

மொட்டை மாடியில் கொடி ஏற்றினால் யாராவது வந்து கேள்வி கேட்பார்களோ என்ற தயக்கம் இன்னும் பலருக்கு இருக்கிறது. 2002க்கு முன்பு அது நியாயமான தயக்கம்தான். சுதந்திர தினம், குடியரசு தினம் போன்ற சில நாள்களில் மட்டுமே பொதுமக்கள் கொடியேற்றலாம் என்று அப்போது விதி இருந்தது. தன் தொழிற்சாலையில் கொடி பறக்கவிட்ட தொழிலதிபர் நவீன் ஜிண்டாலை அதிகாரிகள் தடுக்க, அவர் வழக்குப் போட்டார். 2002 ஜனவரி 26 அன்று, அந்த நாள் கட்டுப்பாட்டை நீக்கிய இந்தியக் கொடி விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. 2004இல் உச்ச நீதிமன்றம், மரியாதையோடு கொடியேற்றுவது பேச்சுரிமையைச் சேர்ந்த அடிப்படை உரிமை என்றே சொல்லிவிட்டது. ஆகவே வீடோ கடையோ, எந்த நாளும் ஏற்றலாம். ஏற்றியே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கொடி இல்லாத வீட்டைப் பார்த்து தேசப்பற்றை அளக்க வேண்டியதில்லை.

பொழுது சாய்ந்ததும் இறக்கிவிட வேண்டும் என்பதும் பழைய கதை. 2022 ஜூலைத் திருத்தத்தின்படி வீட்டில் இரவும் பகலும் பறக்கலாம். 2021 டிசம்பர் 30 முதல் பாலியெஸ்டர் துணிக்கும், இயந்திரத்தில் தயாரித்த கொடிக்கும் அனுமதி உண்டு (கதர்தான் அழகு என்பது என் கட்சி). அளவு உங்கள் விருப்பம்; நீள அகல விகிதம் மட்டும் 3:2 ஆக இருக்க வேண்டும். கொடியின் மேல் எதையும் எழுதக்கூடாது.

பால்கனிச் சுவரில் நெடுக்காகத் தொங்கவிடுவோர் அடிக்கடி தடுமாறுகிறார்கள். எதிரே நின்று பார்ப்பவருக்குக் காவி நிறம் இடப்பக்கம் வர வேண்டும். காரில் கொடி பறக்கவிடும் உரிமை குடியரசுத் தலைவர், பிரதமர், அமைச்சர்கள், உயர் நீதிமன்ற நீதிபதிகள் போன்ற பதவியினருக்கு மட்டுமே. நம் காரின் பானெட்டில் போர்த்துவதும் கூடாது.

கொடியைப் பொது இடத்தில் எரிப்பதும் மிதிப்பதும் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆனால் சட்டபூர்வமான வழியில் மாற்றம் வேண்டி அரசின் நடவடிக்கையையோ கொடியையோகூட விமர்சிப்பது குற்றமாகாது என்று அதே சட்டம் விளக்கம் தருகிறது. இதை யாரும் அதிகம் எடுத்துச் சொல்வதில்லை.

கிழிந்த, நைந்த கொடியை ஏற்றக்கூடாது; குப்பையில் போடவும் கூடாது. பிறர் பார்வை படாத இடத்தில், முழுதாக, எரித்துவிடுவதையே விதி முதல் வழியாகச் சொல்கிறது. விழாவில் கையில் பிடித்த காகிதக் கொடிகளையும் தரையில் வீசிவிட்டு வராமல், இதேபோல் தனியிடத்தில் மரியாதையோடு அப்புறப்படுத்த வேண்டும்.