ஆனிவர்சரி: எல்லாத் தேதிக்கும் பந்தல் போடாதீர்கள்

போன செப்டம்பர் 11 அன்று மாலை ஓட்டலில் தோசைக்குக் காத்திருந்தேன். சுவரில் மாட்டியிருந்த டிவியின் அடியில் ஒரு வரி ஓடியது: ‘நியூயார்க்கில் இரட்டைக் கோபுரத் தாக்குதல் ஆண்டு விழா அனுசரிப்பு’. தோசை வந்தது. ஆறியும் போனது. அந்த வரி மட்டும் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருந்தது.

ஆண்டு விழா என்றதும் எனக்குக் கண்முன் வருவது பள்ளிக்கூட மைதானம். ஷாமியானா, மயில்தோகை கட்டிய மூன்றாம் வகுப்புப் பிள்ளை, ஆண்டறிக்கையை முடிக்கவே முடிக்காத தலைமையாசிரியர், பரிசாக ஓர் எவர்சில்வர் டப்பா. டிவியில் காட்டியதோ வேறு. ஒலிபெருக்கி முன்னால் இருவர் நின்று மாறி மாறிப் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள். 2001-இல் அன்று ஒரே காலையில் செத்துப்போன 2,977 பேரின் பெயர்களையும் அவர்களுடைய உறவினர்கள் ஆண்டுதோறும் இப்படி வாசிக்கிறார்கள். மணிக்கணக்கில் ஆகும். நடுவில் ஆறு முறை நிறுத்தி மௌனமாக நிற்கிறார்கள். முதல் மௌனம் 8:46-க்கு, முதல் விமானம் மோதிய நிமிடம். கோபுரங்கள் இருந்த இடத்தில் இப்போது இரண்டு நீர்க்குளங்கள். சுற்றிலும் வெண்கலப் பலகையில் பெயர்களை வெட்டியிருக்கிறார்கள். யாருக்கு அன்று பிறந்தநாளோ அவர் பெயரில் ஒரு வெள்ளை ரோஜாவைச் செருகி வைப்பது அங்கே வழக்கம். இதற்குப் பெயர் விழாவா?

சினிமாவுக்கும் ஆவணப்படங்களுக்கும் சப்டைட்டில் எழுதும் தம்பி ஒருவன் இருக்கிறான். அவனிடம் பொரிந்து தள்ளினேன். “அண்ணே, அகராதியில அப்படித்தானே போட்டிருக்கு? ஆனிவர்சரின்னா ஆண்டு விழா” என்றான். அவன் மேல் தப்பில்லை. அகராதி ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடும். கம்ப்யூட்டர் மொழிபெயர்ப்பும் அதையே கக்கும். அவசரத்தில் இருக்கிற செய்தி அறை அப்படியே எடுத்து ஓட்டும்.

சொல்லின் பிறப்பை இரண்டு வரியில் முடித்துவிடலாம். லத்தீனில் ‘அன்னஸ்’ என்றால் ஆண்டு, ‘வெர்ட்டெரே’ என்றால் திரும்புதல். ஆண்டு சுற்றித் திரும்பி வரும் நாள், அவ்வளவுதான். ஆங்கிலத்துக்கு அது வந்து சேர்ந்ததே தேவாலயம் வழியாக. புனிதர் ஒருவர் உயிர்விட்ட நாள், செத்துப்போனவருக்குத் திருப்பலி ஒப்புக்கொடுக்கும் நாள் என்று நம் திவசத்துக்குப் பக்கத்து வீட்டுப் பொருளில்தான் அங்கே முதலில் புழங்கியது. கல்யாண நாளுக்கு கேக் வெட்டுவதெல்லாம் பிற்பாடு வந்தது. சொல்லுக்குள் சந்தோஷமும் கிடையாது, துக்கமும் கிடையாது. எந்த நாள் திரும்பி வருகிறதோ அதன் முகம்தான் அதற்கும்.

நம் ‘விழா’வுக்கு அந்த நடுநிலை இல்லை. பழைய ‘விழவு’தான் விழா ஆனது. புகாரின் இந்திர விழா தொடங்கி ஊர்த் திருவிழா வரை கொட்டும் கூட்டமும் இல்லாமல் அந்தச் சொல்லை யாரும் எடுத்ததில்லை. வெள்ளி விழா, பொன்விழா, மணிவிழா, பவள விழா என்று எதைச் சொன்னாலும் பந்தலும் மாலையும் கூடவே வரும். இந்தச் சொல்லைத் துக்கத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால் அது இளிக்கும்.

துல்சாவுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஓக்லஹோமா மாநிலத்தின் துல்சா நகரில் கறுப்பின மக்கள் கடையும் வீடுமாக வளர்த்தெடுத்த பகுதி கிரீன்வுட். 1921 மே 31-லும் ஜூன் 1-லும் வெள்ளைக் கும்பல் அதைக் கொளுத்தியது. 35 பிளாக் அளவுக்குச் சாம்பல். பல பத்தாண்டுகள் அதைக் ‘கலவரம்’ என்றே சொல்லி வந்தார்கள். அந்தச் சொல்லால் ஒரு காரியமும் நடந்தது. கலவரத்தில் ஏற்பட்ட சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று பாலிசியில் இருந்ததைக் காட்டி இன்ஷூரன்ஸ்காரர்கள் பணம் தர மறுத்தார்கள். நூறாண்டு நெருங்கிய சமயத்தில்தான் ‘படுகொலை’ என்ற பெயர் நிலைத்தது. 2021-இல் வயோலா பிளெட்சர் தம் 107-ஆம் வயதில் அமெரிக்க காங்கிரஸின் குழு முன்னால் உட்கார்ந்து, ஏழு வயதில் தாம் கண்டதைச் சொன்னார். பைடன் துல்சாவுக்கே போனார். நூறு ஆண்டு நிறைகிறது என்ற ஒரு கணக்கு இல்லையென்றால் இதில் எவ்வளவு நடந்திருக்கும் என்று தெரியவில்லை. ஒரே ஒரு சொல்லை மாற்றுவதற்காக ஒரு சனம் நூறாண்டு போராடியிருக்கிறது. நாம் அதைத் தமிழாக்குகிறபோது ‘துல்சா படுகொலை நூற்றாண்டு விழா’ என்று எழுதினால்? சிரிக்காதீர்கள், இதே தோரணையில் எழுதியவற்றைத் திருத்திக் கொடுத்திருக்கிறேன்.

சரி, விழா வேண்டாம், ‘நினைவு தினம்’ என்று எல்லாவற்றுக்கும் போட்டுவிடலாமே என்று ஒரு கட்சி உண்டு. அது இந்தப் பக்கம் சாய்ந்த தராசு. ‘அமெரிக்க விடுதலைப் பிரகடன நினைவு தினம்’ என்று படித்தால் அமெரிக்காவுக்கே இரங்கல் தெரிவிக்கிற மாதிரி இருக்கிறது. போதாததற்கு அமெரிக்காவில் ‘மெமோரியல் டே’ என்று தனியாக ஒன்று உண்டு. மே மாதக் கடைசித் திங்கட்கிழமை, போரில் மாண்ட படைவீரர்களுக்கான நாள். அதையும் நினைவு தினம் என்கிறோம், இதையும் அப்படியே சொன்னால் வாசகர் எதை எதோடு முடிச்சுப் போடுவார்?

ஈழத்துத் தமிழில் புழங்கும் ‘நினைவேந்தல்’ அழகான சொல். நினைவைக் கையில் ஏந்தி நிற்பது. பெயர் வாசிப்புக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அது அங்கே நடக்கிற செயலின் பெயர், நாளின் பெயர் அல்ல. ‘செப்டம்பர் 11 நினைவேந்தலில் பெயர்களை வாசித்தார்கள்’ என்றால் சரியாக உட்காருகிறது. ‘விடுதலைப் பிரகடனத்தின் 250-ஆவது நினைவேந்தல்’ உட்காராது.

இந்த ‘அனுசரிப்பு’ பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். நினைவு தினம் அனுசரிக்கப்பட்டது என்று பேப்பரில் வராத நாளில்லை. வீட்டில் அனுசரித்துப் போ என்றால் வாயை மூடிக்கொண்டு பொறுத்துப் போ என்று பொருள். புதுப்பெண்ணுக்கு மாமியார் வீட்டில் சொல்கிற புத்திமதி அது. துக்க நாளோடு என்ன அனுசரிப்பு? ‘கடைப்பிடித்தார்கள்’ என்று போடலாம். ‘அஞ்சலி செலுத்தினார்கள்’ என்றால் அதைவிடத் தெளிவு.

அமெரிக்க நாட்களில் சிக்கலே இதுதான்: பல நாட்களுக்கு இரண்டு முகம். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸை 1852-இல் ராச்செஸ்டர் நகரத்தார் அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை நாலை ஒட்டிப் பேச அழைத்தார்கள். அவர் ஜூலை 5-ஆம் தேதி மேடை ஏறி, இந்த ஜூலை நாலு உங்களுடையது, என்னுடையது இல்லை, நீங்கள் களிக்கலாம், நான் துக்கம் காக்க வேண்டும் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். 1970-இல் பிளிமத்தில் இன்னொன்று. மேஃபிளவர் கப்பலில் இங்கிலாந்துக்காரர்கள் வந்து இறங்கி 350 ஆண்டு ஆகிறது என்று விருந்து வைத்தார்கள். வாம்பனோக் என்னும் அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்த வாம்சட்டா பிராங்க் ஜேம்ஸைப் பேசக் கூப்பிட்டார்கள். பேச்சை முன்கூட்டி வாங்கிப் படித்துப் பார்த்தவர்கள் அதை அப்படியே பேச விடவில்லை. அவரும் போகவில்லை. அந்த ஆண்டு, அமெரிக்கர்கள் வீட்டுக்கு வீடு விருந்துண்ணும் நன்றியறிதல் நாளன்று (தாங்க்ஸ்கிவிங்), அதே ஊரில் துக்க நாள் கூடியது. இன்றும் ஆண்டுதோறும் கூடுகிறது. ஒரே நாள், ஒரே ஊர், ஒரு பக்கம் விருந்து, மறுபக்கம் துக்கம். இங்கே மொழிபெயர்ப்பாளர் ‘350-ஆம் ஆண்டு விழா’ என்று எழுதினால், விருந்து வைத்தவன் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம். அவருக்கே அது தெரியாது.

அதனால் என் ஓட்டு ‘ஆண்டு நிறைவு’க்கு. புதிதாக யாரும் உருவாக்கியதில்லை. குழந்தைக்கு ஒரு வயது முடிந்தால் ஆண்டு நிறைவு என்று பத்திரிகை அடிக்கிறோம். சஷ்டியப்த பூர்த்தியில் இருக்கும் ‘அப்த பூர்த்தி’யும் அதுவேதான். ‘துல்சா படுகொலை நடந்து நூறாண்டு நிறைவு’ என்றால் உறுத்தவில்லை. ‘விடுதலைப் பிரகடனத்தின் 250 ஆண்டு நிறைவு’ என்றாலும் உறுத்தவில்லை. அங்கே வாணவேடிக்கை விட்டார்களா, வாய்விட்டு அழுதார்களா என்பதை அடுத்த வரி சொல்லிக்கொள்ளும்.

இதில் இன்னொரு லாபம், எண்ணிக்கைப் பிழை ஒழியும். 1776 ஜூலை 4-இலிருந்து எண்ணினால் 2026 ஜூலை 4 அன்று 250 ஆண்டு நிறைகிறது, 251-ஆவது ஆண்டு பிறக்கிறது. இதை ‘250-ஆவது சுதந்திர தினம்’ என்றால் கணக்கு உதைக்கும். நம் ஊரிலேயே 2021-இல் 75-ஆவது சுதந்திர தினம், 2022-இல் 75 ஆண்டு நிறைவு என்று வந்தபோது எத்தனை பேர் விரல்விட்டு எண்ணிக் குழம்பினார்கள். அறுபது முடிந்தால்தான் அறுபதாம் கல்யாணம் என்பது நம் பாட்டிகளுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் இந்த 250-க்கு ‘செமிகுவின்சென்டெனியல்’ என்று பெயர், ஐந்நூற்றில் பாதியாம். அவர்களுக்கே நாக்குச் சுளுக்குகிறது. இதைத் தமிழில் ‘அரை ஐந்நூற்றாண்டு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, இருநூற்றைம்பது என்று ஒரு எண் நம்மிடம் இருக்கிறது!

தூய தமிழ் அன்பர்களுக்கு ஒரு செய்தி. ஆனிவர்சரிக்கு எழுத்துக்கு எழுத்து நேரான சொல் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ‘ஆட்டைவட்டம்’ என்று வரும். ஆட்டை என்றால் ஆண்டு, வட்டம் என்றால் சுற்று. கோயிலில் போட்டு வைத்த முதலுக்கு ஆட்டைவட்டம் இவ்வளவு நெல் பொலிசை, அதாவது வட்டி, அளக்க வேண்டும் என்கிற கணக்கில் வரும். எனக்கே ஆசையாக இருந்தது. ஆனால் இன்றைக்கு ஆட்டை என்று எழுதினால் எதையோ ஆட்டையைப் போட்ட செய்தி என்றுதான் வாசிப்பார்கள். கல்லிலேயே இருக்கட்டும்.

இருந்தாலும் அந்தப் பொலிசை மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது. அமெரிக்கர்கள் பழைய தேதிகளை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதில் கடன்கணக்கு மாதிரி ஒன்று இருக்கிறது. லிங்கன் 1863 நவம்பரில் கெட்டிஸ்பர்க்கில் பேசத் தொடங்கியதே ஒரு கணக்கோடு: நான்கு இருபதும் ஏழும் ஆண்டுகளுக்கு முன். 1863-இல் 87-ஐக் கழித்தால் 1776. நூறாண்டு கழித்து 1963 ஆகஸ்ட் 28 அன்று, அதே லிங்கனின் நினைவகப் படியில் நின்று மார்ட்டின் லூதர் கிங் தம் பேச்சின் தொடக்கத்திலேயே ஐந்து இருபது ஆண்டுகளுக்கு முன் என்றார். லிங்கன் அடிமை விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டு அப்போது நூறாண்டு. அடுத்து அவர் எடுத்தது புரோநோட்டை. அரசியல் சாசனமும் விடுதலைப் பிரகடனமும் எல்லாருக்கும் எழுதிக் கொடுத்த புரோநோட்டு, கறுப்பர்களுக்கு மட்டும் செக் பணமில்லாமல் திரும்பி வந்திருக்கிறது, அதை மாற்ற வந்திருக்கிறோம் என்றார். புரோநோட்டு நம் ஊரில் மூன்று வருடத்தில் காலாவதி. நடுவில் கொஞ்சம் வாங்கிக்கொண்டு, பின்னால் வரவு எழுதிக் கையெழுத்து வாங்கினால்தான் உயிரோடு இருக்கும். அந்தத் தேதியை மறந்தவனுக்குப் பணம் போச்சு. துல்சாவில் தப்பிப் பிழைத்தவர்கள் கேட்ட இழப்பீட்டு வழக்கையும் 2024-இல் ஓக்லஹோமா உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது.

கிங்கின் பேச்சு தம்பியிடம் வேலையாக வந்தது. ‘நூறு ஆண்டுகளுக்கு முன்பு’ என்று போட்டிருந்தான். லிங்கனின் எதிரொலி போய்விடுகிறதே என்றேன். ஈரேழு உலகம் என்கிறோம், ஐயிரண்டு மாதம் என்கிறோம், ‘ஐயிருபது ஆண்டுகளுக்கு முன்பு’ என்று போடு, லிங்கனுக்கு ‘நாலிருபதும் ஏழும்’ போடு என்று சொன்னேன். அவனுக்கும் பிடித்தது. போட்டு அனுப்பினான். இரண்டே நாளில் ‘புரியவில்லை, எளிமையாக்கவும்’ என்று திரும்பி வந்தது. அவர்களே ஐயிருபதை அடித்து நூறு ஆக்கியிருந்தார்கள். கூடவே, அவன் ‘அடிமை விடுதலைப் பிரகடனத்தின் நூறாண்டு நிறைவு’ என்று எழுதியிருந்த இடத்தில் சிவப்பு எழுத்தில் ‘நூற்றாண்டு விழா’. நூறை விட்டுக்கொடுத்துவிட்டான். விழாவை அடித்து, பழையபடி நிறைவு என்று மாற்றி, இன்னொரு முறை அனுப்பியிருக்கிறான். பதில் வரவில்லை.