கட்டாவை மனதில் ஓட்டிப் பார்த்தால் உடல் கற்குமா?

கராத்தேயில் தடுப்பு, குத்து, திருப்பம் எல்லாம் மாறாத வரிசையில் வரும் பயிற்சித் தொடருக்குக் கட்டா என்று பெயர். ஷோட்டோகான் என்ற கராத்தே பாணியில் ஆரம்பத்தில் கற்றுத்தரும் கட்டா, ஹேயான் ஷோதான். இடப்பக்கம் திரும்பி ஒரு கீழ்த்தடுப்பு, வலது காலை முன்வைத்து ஒரு குத்து, அப்புறம் அதே காலை இழுத்து 180 டிகிரி திரும்பி மறுபடி தடுப்பு. கண்ணை மூடி இதை மனதில் ஓட்டச் சொன்னால், பலர் எதிரில் நின்று தங்களையே வீடியோவில் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். வரிசை மறக்காமலிருக்க அது போதும். ஆனால் அந்தத் திருப்பம் வரும்போது படம் தாவிவிடும். குத்திய நிலை தெரியும், திரும்பி நின்ற நிலை தெரியும். நடுவில் எடை எந்தக் காலில் இருந்தது என்று கேட்டால் பதில் வராது.

எடையைக் கண் சொல்வதில்லை. தசைக்குள் உள்ள உணரிகள் தசை எவ்வளவு நீள்கிறது என்று சொல்கின்றன. தசைநாணில் உள்ளவை இழுவிசையை அளக்கின்றன. தலை சுழல்வதை உள்காது அறிகிறது. இடது பாதம் தரையில் சுழல்வதையும் இடுப்பு கைக்கு முன்பே திரும்புவதையும் இவற்றின் வழியாகத்தான் உணர்கிறோம். அதே உணர்வோடு, உள்ளிருந்து கற்பனை செய்தால், அசைவைத் திட்டமிடும் மூளைப் பகுதிகள் பெருமளவு நிஜத்தைப் போலவே இயங்கும். கட்டளை மட்டும் தசைக்குப் போகாமல் அடக்கப்படும்.

1995இல் அல்வாரோ பாஸ்குவல்-லியோன் குழு வெளியிட்ட பியானோ ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. தினம் 2 மணி நேரம், 5 நாள். ஒரு குழு வாசித்தது, இன்னொன்று கற்பனை மட்டும் செய்தது. விரல்களுக்கான மூளைப் பகுதி இரண்டு குழுவிலும் விரிந்தது. ஆனால் வாசிப்பில் கற்பனைக் குழு 5ஆம் நாள் எட்டிய தரம், மற்றவர்களின் 3ஆம் நாள் தரம்தான். பிறகு ஒரே ஒரு முறை 2 மணி நேரம் நிஜமாக வாசித்ததும் அவர்களை எட்டிப்பிடித்துவிட்டார்கள்.

2005இல் பாலே நடனக் கலைஞர்களுக்கும் கபோய்ரா என்ற பிரேசில் தற்காப்புக் கலை வீரர்களுக்கும் இரு கலைகளின் வீடியோவையும் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். அவரவர் பழகிய கலையைப் பார்க்கும்போதுதான் அசைவு சார்ந்த பகுதிகள் கூடுதலாக இயங்கின. அதனால், புதிய கட்டாவைப் படுத்தபடியே கற்றுவிடலாம் என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கையில்லை. கற்பனையில் கால் தடுமாறாது. தப்பாகத் திரும்பினால் அந்தத் தப்பே பழகிப்போகும்.

சோதிக்க ஒரு ஸ்டாப்வாட்ச் போதும். பழகிய அசைவைக் கற்பனை செய்ய ஆகும் நேரம், அதை நிஜமாகச் செய்யும் நேரத்தை ஏறத்தாழ ஒத்திருக்கும். மனதில் ஓட்டிய கட்டா பாதி நேரத்தில் முடிந்தால், எங்கோ தாவியிருக்கிறீர்கள். அந்த இடத்தை மட்டும் எழுந்து நின்று மெதுவாகச் செய்துவிட்டு, மறுபடி கண்ணை மூடுங்கள்.