உடையில்லாமல் ஒரு பாய்ச்சல்: எங்கே சரி, எங்கே இடிக்கிறது?

விண்வெளித் தொடர்களில் ஒரு காட்சி அலுக்காமல் வந்துகொண்டே இருக்கும். விண்வெளி உடை போடாத ஒருவர் கப்பலுக்கு வெளியே தள்ளப்படுவார். அடுத்த நொடியே முகத்தில் பனி படர்ந்து கட்டையாகிவிடுவார், இல்லாவிட்டால் கண் பிதுங்கி உடம்பு வெடிக்கும். 2021 ஜனவரியில் வந்த ‘தி எக்ஸ்பான்ஸ்’ தொடரின் 5ஆம் சீசன் 7ஆம் அத்தியாயம் இந்த இரண்டு வழியிலும் போகவில்லை. நவோமி நகாட்டா என்ற பாத்திரம் ஆக்சிஜன் ஏற்றிய இரத்தத்தை ஊசியில் போட்டுக்கொண்டு, உடையில்லாமல், ஒரு கப்பலின் ஏர்லாக்கிலிருந்து (உள்ளிருக்கும் காற்று வீணாகாமல் வெளியே போக உதவும் இரட்டைக் கதவு அறை) இன்னொரு கப்பலுக்குப் பாய்கிறார். உயிரோடும் போய்ச் சேர்கிறார்.

இந்தக் காட்சியைப் பற்றிப் பேச்செடுத்தால் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். மலேசியாவின் ஊத்தான் மெலிந்தாங் போன்ற தோட்டப் பட்டணத்து ஒட்டுக்கடையில், தே தாரிக் ஆறுவதற்குள் அந்த விவாதம் இப்படித்தான் போகும்: “அண்ணே, அந்தக் குளிர்ல ஒரு செகண்டுல ஐஸாகியிருக்கணும்ல?” “அட போ தம்பி, அதுக்கு முன்னாடியே ரத்தம் கொதிச்சிருக்கும்.” இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, நிறையத் தவறும் இருக்கிறது. அந்த அத்தியாயத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால், உறையவிடாததற்கும் வெடிக்கவிடாததற்கும் தாராளமாகப் போடலாம். குறைக்க வேண்டியது அந்த ஊசிக்குத்தான். பார்ப்பவருக்கு அறிவியல் மணம் வீசும் இடமே அதுதான் என்பது வேறு விஷயம்.

வெற்றிடத்தில் தண்ணீர் என்ன செய்யும் என்பதைப் பார்க்க விண்வெளிக்குப் போகத் தேவையில்லை. செம்பனைத் தோட்டத்து எண்ணெய் மில்லில் அது தினமும் நடக்கிறது. பிழிந்து, தெளியவைத்துச் சுத்திகரித்த எண்ணெயில் கடைசியாகக் கொஞ்சம் ஈரம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை அப்படியே சேமிப்பு டேங்க்குக்கு அனுப்பினால் எண்ணெய் மெல்லச் சிதைந்து, அமிலம் ஏறி, விலை இறங்கும். அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவைத்து ஈரத்தை விரட்டலாம், ஆனால் எண்ணெய் கருகிக் கெடும். அதனால் வேக்கம் டிரையர் என்ற மூடிய உருளைக்குள் எண்ணெயைச் சுமார் 75 முதல் 85 டிகிரிச் சூட்டில் நாசில் வழியாகப் பீய்ச்சுகிறார்கள். உருளையிலிருந்து காற்றைப் பம்போ நீராவி எஜெக்டரோ இடைவிடாமல் உறிஞ்சிக்கொண்டிருக்கும். எண்ணெய் சிறு துளிகளாகச் சிதறி விழும்போதே அதிலுள்ள தண்ணீர் ஆவியாகிப் பறந்துவிடும். 100 டிகிரியைத் தொடாமலே தண்ணீர் கொதித்து வெளியேறுகிறது.

டிரையரின் வேக்கம் கேஜைக் கொஞ்சம் கவனியுங்கள். கடல்மட்டக் காற்றழுத்தம் 29.92 அங்குலப் பாதரசம், அதாவது 760 மில்லிமீட்டர். நன்றாக ஓடும் டிரையரில் முள் 28 அங்குலத்தில் நிற்கும். 28 அங்குலத்துக்குக் காற்று எடுக்கப்பட்டுவிட்டது, மிச்சமிருப்பது 2 அங்குலத்துக்கும் குறைவு, ஏறக்குறைய 49 மில்லிமீட்டர். இனி உடம்புக்கு வருவோம். நம் உடல்சூடு 37 டிகிரி. அந்தச் சூட்டில் தண்ணீர் கொதிக்கத் தேவையான அழுத்தம் 47 மில்லிமீட்டர். வானத்தில் அந்த அழுத்தம் சுமார் 19 கிலோமீட்டர் உயரத்தில் வருகிறது. விமான மருத்துவர் ஹாரி ஆம்ஸ்ட்ராங்கின் பெயரால் அதை ஆம்ஸ்ட்ராங் எல்லை என்கிறார்கள். அதற்கு மேலே போனால் நாக்கு, கண், நுரையீரலின் உள்சுவர் ஆகியவற்றிலுள்ள ஈரம் உடல்சூட்டிலேயே கொதிக்கும். 28 அங்குலம் காட்டும் டிரையருக்குள் இருப்பது கிட்டத்தட்ட அந்த 19 கிலோமீட்டர் வானம்.

அடியில் எண்ணெயை இழுக்கும் பம்பின் கிளாண்ட் (சுழலும் தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு) தேய்ந்து காற்று கசிந்தால் முள் 24க்கு இறங்கிவிடும். மிச்ச அழுத்தம் 150 மில்லிமீட்டராக ஏறும், தண்ணீரின் கொதிநிலை 60 டிகிரிக்குப் போய்விடும், எண்ணெய் ஈரத்தோடு டேங்க்குக்குப் போகும். நாலு அங்குலக் கசிவுக்கு இவ்வளவு வித்தியாசம்.

சரி, ஈரம் கொதிக்கும் என்றால் இரத்தம்? நாளங்களுக்குள் ஓடும் இரத்தத்துக்கு இதயம் கொடுக்கும் அழுத்தம் தனியாக இருக்கிறது. இரத்த அழுத்தம் 120க்கு 80 என்று சொல்வது வெளியழுத்தத்துக்கு மேலே உள்ள கணக்கு. வெளியே சுழியமே ஆனாலும் தமனியில் 80 மில்லிமீட்டராவது இருக்கும், அது 47ஐவிட அதிகம். இதயம் ஒழுங்காக அடிக்கும்வரை தமனி இரத்தம் கொதிக்காது. சிரைகளிலும் தோலடித் தளர்ந்த திசுக்களிலும் நிலைமை வேறு. அங்கே அழுத்தம் குறைவு என்பதால் நீராவிக் குமிழ்கள் உண்டாகி உடம்பு வீங்கத் தொடங்கும்.

அந்த வீக்கத்தின் சாயலும் மில்லிலேயே உண்டு. குலைகளை வேகவைக்கும் ஸ்டெரிலைசரில் நீராவி 40 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு அழுத்தம்) அளவுக்கு ஏறும், உள்ளே சூடு 140 டிகிரி. முழுச் சுற்றுக்கு 75 முதல் 90 நிமிடம். பல மில்களில் அழுத்தத்தை மூன்று முறை ஏற்றி, இடையில் இரண்டு முறை சட்டென்று இறக்குவார்கள். லயத்து வீடுகள்வரை கேட்கும் அந்தப் பெரும் சீறல் சத்தம் அப்போது வருவதுதான். அழுத்தம் திடீரென்று விழுந்ததும் பழத்துக்குள் இருக்கும் சூடான நீர் ஆவியாகி விரியும். அதனால் பழம் குலைக்காம்பைவிட்டு இளகும், பருப்பும் ஓட்டிலிருந்து விலகிக்கொடுக்கும். பழத் தோல் சிதறி வெடிப்பதில்லை. மனிதத் தோல் அதைவிட உறுதியானது. விலங்குகளை வைத்துச் செய்த சோதனைகளில் உடம்பு ஏறக்குறைய இரண்டு மடங்குக்கு ஊதியதுண்டு, வெடித்ததில்லை. 1960 ஆகஸ்டில் ஜோசப் கிட்டிங்கர் பலூனில் 31 கிலோமீட்டர் ஏறிக் குதித்தபோது அவருடைய வலது கையுறையில் அழுத்தம் பிடிக்கவில்லை. கை வீங்கிச் செயலற்றுப் போனது, தரையிறங்கிச் சில மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்தது. ஆகவே வெடிக்காத நவோமிக்கு முழு மதிப்பெண்.

உறைவது பற்றிய கணக்கு இன்னும் எளிது. வெற்றிடத்தில் உடம்பைத் தொட்டுச் சூட்டை வாங்கிப் போகக் காற்று இல்லை. கதிர்வீச்சாக மட்டுமே வெப்பம் போகும். 33 டிகிரித் தோல், 1.8 சதுர மீட்டர் பரப்பு என்று வைத்துக்கொண்டால் இழப்பு சுமார் 850 வாட். உடம்பு தானே உண்டாக்குவது 100 வாட். 70 கிலோ உடம்பை ஒரு டிகிரி குளிர்விக்க 245 கிலோஜூல் போக வேண்டும். வகுத்துப் பார்த்தால் ஒரு டிகிரி இறங்கவே 5 நிமிடத்துக்கு மேல் பிடிக்கிறது. கட்டையாக உறைய மணிக்கணக்கு. ஈரமான இடங்களில் மட்டும் விஷயம் வேகமாக நடக்கும், ஏனென்றால் ஒவ்வொரு கிராம் நீரும் ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் சூட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது. உதட்டோரத்தில் கொஞ்சம் பனி காட்டும் இயக்குநரை மன்னிக்கலாம். ஆளையே பனிச்சிலையாக்குபவரை மன்னிப்பதற்கில்லை.

அப்படியானால் ஆள் எதனால் சாகிறார்? ஆக்சிஜன் போவதால்தான். அது போகும் விதத்தைத்தான் பெரும்பாலான தொடர்கள் கோட்டைவிடுகின்றன.

தரையில் மூச்சடக்கினால் ஒரு நிமிடம் தாங்கலாம். நுரையீரலில் அடைபட்ட காற்றில் ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது, இரத்தம் அதை மெல்ல எடுத்துக்கொள்கிறது. வெற்றிடத்தில் நுரையீரல் காலி. திரும்பி வரும் இரத்தத்தில் அப்போதும் சுமார் 40 மில்லிமீட்டர் ஆக்சிஜன் அழுத்தம் இருக்கும், எதிரே கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அழுத்தம் அதிகமுள்ள பக்கத்திலிருந்து குறைவான பக்கத்துக்கு ஆக்சிஜன் ஓடும். ஆக, ஆக்சிஜனை உள்ளே சேர்க்க வேண்டிய நுரையீரலே இரத்தத்திலிருந்து அதை உருவி வெளியே விடுகிறது. அப்படிக் காலியான இரத்தம் சில நொடிகளில் மூளையை எட்டும், இன்னும் சில நொடிகளில் நினைவு தப்பும். மொத்தம் 10 முதல் 15 நொடி. 1966இல் ஹூஸ்டனில் நாசாவின் வெற்றிட அறையில் விண்வெளி உடையைச் சோதித்துக்கொண்டிருந்த ஜிம் லெப்ளாங்கின் காற்றுக் குழாய் கழன்றுவிட்டது. சுமார் 14 நொடியில் அவர் சரிந்தார். அறைக்குள் அவசரமாகக் காற்றை விட்டதும் பிழைத்துக்கொண்டார். நாக்கில் எச்சில் குமிழியிட்டதுதான் அவருக்குக் கடைசியாக நினைவிருந்தது. நாய்களை வைத்து 1960களில் செய்த சோதனைகளில் 90 நொடிக்குள் அழுத்தம் திரும்பியபோது பெரும்பாலும் பிழைத்தன, அதைத் தாண்டியபோது சாவு கூடியது. 1971 ஜூன் 30இல் சோயுஸ் 11 கலத்தில் திரும்பிய மூவருக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை. 168 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு வால்வு திறந்துகொண்டது, மூவரும் அழுத்த உடை அணிந்திருக்கவில்லை.

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பாய்வது எல்லாவற்றிலும் மோசம். உள்ளுக்கும் வெளிக்கும் சுமார் 80 மில்லிமீட்டர் வேறுபாடு வந்தாலே நுரையீரல் கிழியலாம். கப்பலுக்குள் இருப்பதோ 760. கதவு திறக்கும் முன் வாயைத் திறந்து முழுதும் ஊதிவிட வேண்டும். கன்னம் உப்ப மூச்சைப் பிடிக்கும் கதாநாயகனைக் கண்டால் அங்கேயே மதிப்பெண்ணைக் குறைத்துவிடலாம்.

இப்போது ஊசி. ஒரு லிட்டர் இரத்தம் முழுதாக நிரம்பினால் 200 மில்லி ஆக்சிஜன் சுமக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்புக்கே நிமிடத்துக்கு 250 மில்லி தேவை, நொடிக்கு 4 மில்லிக்கு மேல். 20 மில்லி ஊசியில் நல்ல இரத்தத்தை நிரப்பிப் போட்டால் கிடைப்பது 4 மில்லி ஆக்சிஜன், ஒரு நொடிச் செலவு. கதைப்படி அது சாதாரண இரத்தமில்லை, செறிவூட்டியது என்று சொல்வார்கள். அப்படி ஒன்று ஆய்வுக்கூடத்தில் உண்மையிலேயே இருக்கிறது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் ஜான் கெய்ரும் குழுவினரும் கொழுப்புறைக்குள் ஆக்சிஜனை அடைத்த நுண்துகள்களைச் செய்து, மூச்சுக்குழாய் அடைக்கப்பட்ட முயல்களை 15 நிமிடம்வரை உயிரோடு வைத்திருந்தார்கள். 2012இல் அது வெளிவந்தது. அந்தத் திரவத்தில் சிவப்பணுக்களைப்போல் மூன்று நான்கு மடங்கு ஆக்சிஜன் இருந்தது. நம் ஊசிக்கு அதை வைத்தாலும் மூன்று நான்கு நொடிதான்.

அளவைவிடப் பெரிய சிக்கல் பாதை. சிரையில் போடும் எதுவும் முதலில் இதயத்தின் வலப்பக்கத்துக்கு வரும், அங்கிருந்து நேராக நுரையீரலுக்குப் போகும், அதன் பிறகே இடப்பக்கம் வந்து மூளைக்கு ஏறும். முயல்களின் மூச்சுக்குழாய் மூடியிருந்தது, ஆக்சிஜன் தப்பிக்க வழியில்லை. நவோமிக்கோ நுரையீரல் விண்வெளியை நோக்கித் திறந்துகிடக்கிறது. போட்ட மருந்தில் கணிசமான பங்கு மூளையை எட்டும் முன்பே வெளியே போய்விடும். கழுத்துத் தமனிக்குள் நேராகச் செலுத்தினால் கணக்கு மாறும். மூளைக்கு மட்டும் நிமிடத்துக்கு 50 மில்லி போதும், பத்து நொடிக்கு 8 மில்லி. ஆனால் ஓடுகிற அவசரத்தில் கழுத்துத் தமனியில் தானே ஊசி குத்திக்கொள்வது வெற்றிடத்தைவிட ஆபத்தான காரியம்.

ஊசியே இல்லாமல் இந்தப் பாய்ச்சல் முடியுமா? முடியும், தூரம் சிறிதாக இருந்தால். காலை உந்திப் பாயும் ஒருவருக்கு நொடிக்கு 3 மீட்டர் வேகம் கிடைக்கும். நினைவுள்ள 10 நொடியில் 30 மீட்டர். கைப்பிடியைப் பற்றி உள்ளே புகுந்து பொத்தானை அழுத்த மூன்று நான்கு நொடி ஒதுக்கினால் 20 மீட்டருக்குமேல் இடைவெளி இருக்கக்கூடாது. வீங்கிய விரல்களால் நெம்புகோலைத் திருப்ப முடியாது என்பதால் கதவு தானாக மூட வேண்டும்.

மறுபக்கத்து ஏர்லாக்கை முழுக் காற்றழுத்தத்துக்கு நிரப்பவும் தேவையில்லை. அனைத்துலக விண்வெளி நிலையத்தில் அமெரிக்க வீரர்கள் வெளியே நடக்கும்போது உடைக்குள் இருப்பது 4.3 பி.எஸ்.ஐ. தூய ஆக்சிஜன் மட்டுமே. 4 கன மீட்டர் ஏர்லாக்கை அந்த அளவுக்கு நிரப்ப ஒன்றரைக் கிலோ ஆக்சிஜன் போதும். மில் ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங்குக்கு நிறுத்தியிருக்கும் 7 கன மீட்டர் சிலிண்டரில் அதுபோல் ஐந்தாறு தடவைக்கு இருக்கிறது. ரெகுலேட்டரை வைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டால் ஆள் போய்விடுவார், அகலமான வால்வு வேண்டும். அந்த வால்வில் எண்ணெயோ கிரீஸோ ஒட்டியிருக்கக்கூடாது. வேகமாகப் பாயும் தூய ஆக்சிஜனில் கிரீஸ் தானாகத் தீப்பிடிக்கும் என்பதை வெல்டிங் பழகுபவருக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.